செடிக்கு மாதத்தின் பெயர் தெரியாது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தக்காளி, அவரை, கொத்தமல்லி, வெங்காயம், முள்ளங்கி ஐந்தையும் ஒரே வார இறுதியில் விதைத்தீர்கள். தக்காளி ஆள் உயரம் வளர்ந்து பூவையெல்லாம் கொட்டுகிறது. அவரைக்கொடி பந்தலை மூடிவிட்டது, பூ மட்டும் இல்லை. கொத்தமல்லி ஒரு கைப்பிடி இலை தருவதற்குள் தண்டு நீட்டிப் பூத்துவிட்டது. வெங்காயம் தாளாகவே நிற்கிறது. முள்ளங்கி மட்டும் தேறியது. அதுவும் ஒரே வாரத்தில் 40 கிழங்கு, அதன்பின் ஒன்றுமில்லை. மண்ணில் கோளாறா, உரம் போதவில்லையா, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு காயைப் பறித்துக்கொண்டே இருக்க ஓர் அட்டவணை கிடைக்குமா என்கிறீர்கள்.

மண்ணைக் குறை சொல்லாதீர்கள். 40 முள்ளங்கி கொடுத்த மண் மோசமான மண்ணாக இருக்க முடியாது. உரத்தையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். தக்காளிக்கு இன்னும் கொஞ்சம் போடலாமா என்று கை துறுதுறுக்கும். போட்டால் இலை இன்னும் கருகருவென்று தழைக்கும், பூ இன்னும் கொட்டும். நான்கு பயிரும் ஏமாற்றியதற்குக் காரணம் ஒன்றுதான்: விதைத்த நாள்.

அட்டவணை தரப்போவதில்லை. அது எழுதியவரின் ஊருக்குச் சரியாக இருக்கும். அதுவும் அவருடைய ஊரில் அந்த ஆண்டு மழை ஒழுங்காக வந்திருந்தால். செடிக்கு மாதத்தின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தவை மண்ணின் சூடு, இரவின் சூடு, பகலின் நீளம், வேருக்கு எட்டும் ஈரம். பட்டம் என்று நாம் சொல்வது, இந்த நான்கும் ஒரு பயிருக்குத் தோதாக வந்து சேரும் காலத்தைத்தான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டால், எந்த ஊரில் இருந்தாலும் அட்டவணையை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான். தக்காளி வெயில் பயிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். செடி வளர வெயில் வேண்டும், சரி. காய் பிடிக்க வேண்டியதோ மிதமான இரவு. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது தக்காளி நன்றாகக் காய்க்கும். இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல், பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிவிடும். இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான். காய் பிடிக்காத பூவின் காம்பில் ஒரு மூட்டு மஞ்சளாகும். மறுநாள் விரல் பட்டால் போதும், பூ அங்கேயே ஒடிந்து விழும். உங்கள் செடியில் உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பு கிழிந்திருக்காது, கத்தியால் வெட்டியதுபோல் வழுவழுப்பாக முடிந்திருக்கும். பூச்சி கடித்த பூ இப்படி விழாது. இது செடி தானாகவே கழற்றிப் போட்டது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மகரந்தம் பூ விரியும் அன்று உருவாவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் முன்பே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. சூட்டுக்கு அது மிகவும் அஞ்சுவதும் அந்த நாட்களில்தான். ஆகவே இன்று கொட்டும் பூ, போன வாரத்து வெப்பத்துக்குச் செலுத்தும் விலை. இன்று வானிலை குளிர்ந்துவிட்டதே, ஏன் இன்னும் கொட்டுகிறது என்று பதறிச் செடியைப் பிடுங்க வேண்டாம். பத்து நாள் பொறுங்கள்.

இனிக் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். தக்காளி விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் பூங்கொத்து வரும். பூத்ததிலிருந்து பழுக்க இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்தப் பூக்கும் காலம் உங்கள் ஊரின் இதமான இரவுகளோடு பொருந்த வேண்டும். வெப்பம் மிகுந்த ஊரானால், இரவு இதமாகும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே, இன்னும் புழுக்கமாக இருக்கும்போதே, நிழலில் நாற்றுவிட வேண்டும். பனி உறையும் ஊரானால், கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் நாற்றுவிட்டு, உறைபனி விலகியதும் வெளியே நட வேண்டும். இருவர் கையிலும் இருப்பது ஒரே விதை. ஒருவர் வெயிலிலிருந்து தப்பக் கணக்குப் போடுகிறார், மற்றவர் பனியிலிருந்து தப்ப. நீங்கள் விதைக்கும் நாளைக் குறித்துக்கொண்டு முன்னோக்கிப் போனீர்கள். பூக்கும் நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி வர வேண்டும்.

இந்த ஆண்டுச் செடியைக் காப்பாற்ற முடியுமா? ஓரளவு முடியும். வெயில் உச்சியில் இருக்கும் சில மணி நேரத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். 30 முதல் 50 சதவீதம் வெயிலைத் தடுப்பது போதும். வேரடி மண்ணைக் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பி மூடும் மூடாக்குப் போடுங்கள். காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். அது உதிர்வதற்கு ஒரு சிறு அதிர்வு மட்டும் வேண்டும். நிழல் கிடைக்காத இடத்தில் நட்டிருந்தால், சிறுபழத் தக்காளி வகையை அடுத்த முறை முயன்று பாருங்கள். பெரிய பழ வகைகள் பூவைக் கொட்டும் வெப்பத்திலும் அது பெரும்பாலும் காய்த்துக்கொண்டிருக்கும்.

அவரைக்கு வருவோம். இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும். முதன்முறை பந்தல் போட்டபோது நானும் பகல் நீண்டுகொண்டே போகும் காலத்தில் கொடி அவரையை ஊன்றினேன். கொடி பந்தலைத் தாண்டிக் கூரையேறியது. மூன்று மாதம் போயும் ஒரு மொட்டு இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: தண்ணீரை நிறுத்து, நுனியைக் கிள்ளு, சாம்பல் போடு. எல்லாம் செய்தேன். கடைசியில் எரிச்சலோடு பாதிக் கொடியை அறுத்து மட்கு குழியில் போட்டேன். மீதியை அறுக்கச் சோம்பலாக இருந்ததால் விட்டுவைத்தேன். சில வாரம் கழித்து, நான் எதுவுமே செய்யாதிருந்தபோது, அந்த மீதிக் கொடி முழுவதும் ஊதாப் பூவாக நின்றது. என் சோம்பல்தான் அந்த ஆண்டு எனக்கு அவரைக்காய் கொடுத்தது.

விஷயம் இதுதான். பழைய கொடி அவரை வகைகள் குறும்பகல் பயிர். இரவு போதிய அளவு நீளும்வரை அவை பூக்கும் யோசனையே இல்லாமல் கொடி விட்டுக்கொண்டிருக்கும். சிறகவரையும் அப்படித்தான். பகல் குறையத் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஊன்றினால், பந்தலில் பாதி ஏறுவதற்குள் பூக்கத் தொடங்கும். கொடியும் நம் கைக்கு அடங்கி நிற்கும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை வகைகளும் இருக்கின்றன. அவற்றை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். எனவே விதை வாங்கும்போது கொடியா, செடியா என்று மட்டும் கேட்காமல், எல்லாக் காலத்திலும் பூக்குமா என்றும் கேளுங்கள். உங்கள் பந்தலில் நிற்கும் கொடியை அறுக்காதீர்கள். பந்தல் தாங்கும் அளவுக்கு நுனியைக் கிள்ளிவிட்டுக் காத்திருங்கள்.

வெங்காயம் இதற்கு நேர் எதிர். பகல் ஓர் அளவைத் தாண்டி நீண்டால்தான் அது கிழங்கு கட்டும். அந்த அளவு வகைக்கு வகை மாறும். குறும்பகல் வகைகளுக்கு 10 முதல் 12 மணி நேரப் பகல் போதும்; நடுத்தர வகைகளுக்கு 12 முதல் 14; நெடும்பகல் வகைகளுக்கு 14 மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி தள்ளி இருக்கும் ஊரில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய 70 நிமிடம்தான் வேறுபாடு. 50 டிகிரியில் அது 8 மணி நேரத்தைத் தாண்டும். எனவே குளிர்நாட்டு நெடும்பகல் விதையை வெப்பநாட்டில் போட்டால் எத்தனை மாதம் ஆனாலும் தாள்தான். வெப்பநாட்டு விதையைக் குளிர்நாட்டில் இளவேனிலில் போட்டால், நான்கு இலை விடுவதற்குள் பகல் நீண்டுவிட்டது என்று அவசரப்பட்டுக் கோலிக்குண்டு அளவில் கிழங்கு கட்டிவிடும். வெங்காயத்தின் ஒவ்வொரு தாளும் உள்ளே ஒரு வளையம். தாள் எத்தனை சேர்கிறதோ அவ்வளவுதான் கிழங்கு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஆசையாக அனுப்பிய விதைப் பொட்டலம் உங்களிடம் இருந்தால், முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். உங்களுடையது அப்படி வந்ததாக இருந்தால், தாளை அறுத்துச் சமையலுக்குப் பயன்படுத்திவிட்டு அந்தப் பாத்தியைக் காலி செய்யுங்கள்.

கொத்தமல்லியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சூடும் நீண்ட பகலும் அதைப் பூக்க விரட்டும். பிடுங்கி நட்டாலும், ஒருநாள் வாடவிட்டாலும் பூக்கும். இருக்கப்போகும் இடத்திலேயே விதையுங்கள், விதையை இரண்டாகப் பிளந்து போடுங்கள், வெயில் காலத்தில் அரை நிழலில் வையுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி புதிதாகத் தூவுங்கள். பூத்த செடியை மீட்க நினைக்காதீர்கள். பூவுக்குத் தேனீயும் சிறு குளவியும் வரும், அந்த அளவில் அது தோட்டத்துக்கு உதவட்டும். லெட்யூஸ், பாலக் கீரை இரண்டுக்கும் இதே குணம். லெட்யூஸ் விதை மண் சூடு 30 டிகிரியை நெருங்கினால் முளைக்கவே மறுக்கும். விதை கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் பலர். கொதிக்கும் காலத்தில் கீரை வேண்டுமானால் இவற்றோடு மல்லுக்கட்டுவானேன்? தண்டுக்கீரையும் கொடிப்பசலையும் அந்தச் சூட்டைத்தான் விரும்புகின்றன. சிறுகீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

இப்போது அந்த 40 முள்ளங்கி. தோட்டம் போடும் எல்லோருக்கும் இருக்கும் ஆசை இது: விதைப் பொட்டலத்தைப் பிரித்தால் முழுவதையும் கொட்டிவிடுவது. சிறிய முள்ளங்கி 25 முதல் 30 நாளில் தயார். தயாரானபின் பத்து நாள் மண்ணில் விட்டால் உள்ளே சக்கையாகிவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். ஒரு முழ நீளத்துக்கு ஒரு வரிசை விதையுங்கள். அது முளைத்து, முளைக்கும்போதே வரும் இரண்டு வித்திலைகளுக்கு நடுவே முதல் உண்மையான இலை தலைகாட்டும் நாளில் அடுத்த முழம். நாள்காட்டியை நம்பி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று விதைப்பதைவிட இந்த வழி நல்லது. குளிரில் முன்னால் விதைத்தது மெதுவாக வளரும், பிறகு விதைத்தது சூடு ஏறியதும் ஓடிவந்து பிடித்துவிடும். இரண்டு வார இடைவெளியில் போட்ட இரண்டு வரிசையும் ஒரே நாளில் முற்றி நிற்கும். நாள் குளிர்ந்துகொண்டே போகும் காலத்தில் இது தலைகீழாகும். விதைப்பில் ஒரு வாரம் தாமதித்தால் அறுவடையில் இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போகும். பகல் 10 மணி நேரத்துக்கும் கீழே குறையும் ஊர்களில் அந்த நாட்களில் செடி ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே குளிர்காலக் கீரையும் கோஸும் அதற்கு முன்பே முக்கால் பங்கு வளர்ந்திருக்க வேண்டும். பிறகு அவை வளர்வதில்லை, பாத்தியில் கெடாமல் காத்திருக்கின்றன. பரட்டைக்கீரை (கேல்), கேரட் போன்றவை உறைபனி பட்டபின் இனிப்பதற்கும் காரணம் உண்டு: குளிரைத் தாங்கச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது.

முள்ளங்கிக்குச் சொன்னதுபோல் தவணை தவணையாக விதைப்பதை மற்றவற்றுக்கும் பொருத்துங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. பீன்ஸ் மூன்று வாரத்துக்கு ஒரு வரிசை. வெண்டை இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை. கத்தரியும் மிளகாயும் ஒருமுறை நட்டாலே நீண்ட நாள் நிற்கும். காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, மட்கு வைத்துத் தண்ணீர் விட்டால் புதுத் தளிர் விட்டு மறுபடி காய்க்கும். உறைபனி இல்லாத ஊரில் மட்டும் இது பலிக்கும்.

மழைக்காலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்து உங்களை அழவைக்கப்போவது அதுதான் என்பதால் சொல்லிவைக்கிறேன். மழையில் செடி அழுகுவது தண்ணீர் அதிகமானதால் என்பதைவிட, வேருக்குக் காற்று இல்லாமல் போனதால். தரை மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஈர மண்ணைக் கொத்தாதீர்கள், அதன்மேல் நடக்காதீர்கள். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உதிர்ந்தால் கொத்தலாம். பள்ளம் விழுந்து களிமண் பொம்மைபோல் நின்றால் மண்வெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். அன்று கொத்திய கட்டி காய்ந்தால் செங்கல். தொடர்மழைக்குப் பின் அடியிலைகள் மஞ்சளாவதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுவார்கள். பெரும்பாலும் அது மழை தழைச்சத்தை (நைட்ரஜனை) கரைத்துக்கொண்டு போனதன் அடையாளம். ஒரே தடவையில் அள்ளிப் போடாமல், மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாட்களில் மட்கு உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மழைக்காலத்தின் மகிழ்ச்சி பந்தல் காய்கள்தான். பூசணி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் எல்லாம் தனித்தனி ஆண் பூவும் பெண் பூவும் கொண்டவை. முதல் இரண்டு வாரம் வருவது பெரும்பாலும் ஆண் பூ. அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பிறகு, இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சோடு வருவது பெண் பூ. வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூவைப் பெருக்கும், குளுமையும் குறுகிய பகலும் பெண் பூவைப் பெருக்கும். கோடையில் விதைத்த பந்தல் பூத்துக் குலுங்கியும் காய்க்காததன் காரணம் இதுவே.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மழையில் தேனீ வெளியே வருவதில்லை. அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். ஆனால் எந்த நேரத்தில் என்பதில் கோட்டை விட்டுவிடக் கூடாது. பூசணிப் பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் கூம்பிவிடும். எழுந்ததும் போய், மெல்லிய நீண்ட காம்புள்ள ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவே மூன்று நான்கு முறை ஒற்றி எடுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் மகரந்தம் உதிரத் தயாராக இருக்கிறது. மூன்றாம் நாள் பிஞ்சு கனமாகி, காம்பு கீழ்நோக்கி வளையத் தொடங்கினால் பிடித்துவிட்டது. சுரையும் பீர்க்கும் புடலும் விரிவது மாலையில். வெள்ளைச் சுரைப்பூ இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காகவே விரிகிறது. காலையில் பஞ்சும் கையுமாகப் போய்ச் சுரைப்பூவில் ஒற்றிக்கொண்டிருந்தால் பலன் இருக்காது. விளக்கு வைக்கும் நேரத்தில் போங்கள்.

வெயில் காலத்துக்கு இரண்டே பேச்சு: மூடாக்கு, ஆழமான பாசனம். காய்ந்த இலையையும் வைக்கோலையும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். மூடாக்குக்குள் ஒரு விரலையும் வெறும் மண்ணில் ஒரு விரலையும் நண்பகலில் வைத்துப் பார்த்தால், பிறகு யாரும் உங்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது. குளிர் ஊரில் மட்டும் மண் சூடேறும்வரை மூடாக்கைத் தள்ளிப்போடுங்கள்; முன்கூட்டியே போட்டால் குளிரையும் சேர்த்து மூடிவைத்ததாகிவிடும். தண்ணீரைத் தினமும் தெளிக்காதீர்கள். மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒருநாள் நீங்கள் ஊரில் இல்லையென்றால் செடி தலை சாய்ந்துவிடும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு சாண் ஆழம் நனையும்படி, காலையில். தொட்டிச் செடிக்கு இந்தச் சலுகை இல்லை. கறுப்புத் தொட்டி வெயிலில் அடுப்பு; அதற்கு அன்றாடம் வேண்டும், மாலையிலும் வேண்டியிருக்கலாம். தக்காளிக்குத் தொட்டியில் 20 லிட்டர் மண்ணாவது கொடுங்கள். காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், ஈரம் ஒரே சீராக இல்லாததால் அது காய்க்குப் போய்ச் சேராமல் வருவது இது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிடத் தண்ணீரை ஒழுங்குபடுத்துவது பலன் தரும்.

வெயிலில் எதை விதைப்பது? வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி. வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் நான்காவது ஐந்தாவது நாளில் தலை நீட்டும், 45 நாளுக்குப் பிறகு காய். பூத்த ஐந்தாம் நாள் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்துப் பாருங்கள், டப்பென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் விதைக்கு விட்டுவிடலாம். ஆனால் முற்றிய காய் செடியில் நின்றால் செடி தன் கடமை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துவிடும்; விதைக்கென்று ஒரு செடியை ஒதுக்கி, மற்றவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிடுங்கள்.

பூச்சிக்கும் பட்டம் உண்டு. வறண்ட வெயிலில் சிலந்திப்பேனும் இலைப்பேனும், இதமான காலத்தில் இளந்தளிரில் சாறு உறிஞ்சும் சிறுபூச்சியான அசுவினி, மழையில் நத்தை, ஈர இலையில் பூஞ்சை. சாம்பல் நோய்க்கு மட்டும் மழை தேவையில்லை, வறண்ட பகலும் ஈரக்காற்றுள்ள இரவும் போதும். அசுவினியைக் கண்டால் முதலில் எறும்பைத் தேடுங்கள். அதன் தேன்கழிவுக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். அப்போதும் நின்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்புறம். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

இடத்தை மாற்றி நடுவது பற்றிப் பெரிய பெரிய சக்கரங்கள் வரைந்து காட்டுவார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரே விதி போதும்: தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம், ஒன்று நின்ற இடத்தில் அடுத்ததை நடாதீர்கள். தக்காளியை எடுத்த பாத்தியில் கத்தரியை நட்டுவிட்டுப் பயிரை மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. மண்ணிலிருக்கும் வாடல் நோய்க்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் இரண்டும் ஒன்றே. செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். மணிமணியாகப் புடைத்திருந்தால் நூற்புழு, அங்கே ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கி நடுங்கள். பீன்ஸ், காராமணி வேரிலும் உருண்டைகள் இருக்கும், அவற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: விரலால் தள்ளினால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரின் வீடு. அந்தச் செடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு, அந்த இடத்தில் கீரை விதையுங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று, உங்கள் பாத்தி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு போதும். சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே தடத்தில் போவதில்லை. இப்போது வெயில் விழும் மூலை ஆறு மாதம் கழித்து மதில் நிழலில் மூழ்கிக் கிடக்கலாம். வெப்ப மண்டலத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டின் ஒரு பகுதியில் நிழல் வடக்கே விழும், ஒரு பகுதியில் தெற்கே விழும். ஒரு விடுமுறை நாளில் காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என்று மூன்று முறை நிழலின் ஓரத்தில் குச்சி ஊன்றிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஊன்றுங்கள். பந்தலை எங்கே போடுவது, கொத்தமல்லியை எங்கே ஒளித்துவைப்பது என்பதை அந்தக் குச்சிகள் சொல்லும்.

விதைத்த நாள், முதல் பூ, முதல் பறிப்பு, அன்றைய இரவு வெப்பம் என்று நான்கு குறிப்பு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு ஆண்டு எழுதினால் நீங்கள் கேட்ட அட்டவணை அதிலேயே இருக்கும். இந்த வாரம் செய்ய வேண்டியது: மிச்சமிருக்கும் பொட்டலங்களை எடுங்கள், ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். பத்தில் ஏழு முளைத்தால் வைத்துக்கொள்ளலாம். வெங்காய விதை ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டில் உயிர் போய்விடும், அதில் ஆசை வேண்டாம். தக்காளி விதை நான்கு ஆண்டுகூடத் தாங்கும். முளைத்த தக்காளியைத் துணியோடு எறிந்துவிடாதீர்கள். இன்றைய தேதியிலிருந்து இரண்டு மாதம் எண்ணிப் பாருங்கள். அப்போது உங்கள் ஊரில் இரவு இதமாக இருக்குமென்றால் அந்த ஏழையும் நாற்றுத் தட்டில் ஊன்றிவிடலாம்.